தையல் சந்துக்கு ஒரு கூரை

எங்கள் வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் பிரதான வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய வீடு எங்களுடையது. பக்கத்துத் தோட்டத்தில் கறுவாப் பட்டை உரிக்கிற நாட்களில் அந்தச் சந்து முழுக்க மணக்கும். மற்ற நாட்களில் ஓட்டைச் சைக்கிளும் உடைந்த பூச்சட்டியும் அங்கே குடியிருக்கும். அந்தச் சந்துக்குக் கூரை போட பைபர் சீட்டா, பொலிகார்பனேட் சீட்டா என்று நான் போட்ட ஆட்டத்தை என் வீட்டுக்காரர் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். அவர் சொல்வதில் பாதி கட்டுக்கதை. அதனால்தான் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் தையல்காரி. ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கல்யாணம் கட்டி இங்கே வந்தவள். சாரி பிளவுஸ் என்றால் என்னைத் தேடித்தான் வருவார்கள். என் வாய்க்குப் பயந்துகொண்டே வருவார்கள், ஆனாலும் வருவார்கள். எங்கள் ஆட்களின் கல்யாணங்களில் பெண் வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் சாரி கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஒருத்தி இன்னொருத்தியின் கையைப் பிடித்து, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டுக்கொண்டே அவளுடைய பிளவுஸ் கை ஓரத்தை மெதுவாகத் திருப்பிப் பார்ப்பாள். துணிக்கும் நூலுக்கும் நிறம் பொருந்துகிறதா என்று பார்க்கத்தான். தாலி கட்டுவதைக்கூடச் சில பேர் பார்க்காமல் விட்டுவிடுவார்கள், இதை விடமாட்டார்கள்.

அப்படி ஒரு கல்யாணத்தில் நான் தைத்த கத்தரிப்பூ நிறப் பிளவுஸில் பழுப்பு நூல் ஓடியிருப்பதை யாரோ திருப்பிப் பார்த்துவிட்டார்கள். நான் உடனே பல்பைத்தான் திட்டினேன். நான் மெஷின் போட்டிருந்த முன் காம்பரா, அதாவது முன் அறை, இருட்டு. பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பியதிலிருந்து அங்கே பகலிலும் பல்பு எரிகிறது. பல்பு வெளிச்சத்தில் எந்த நூல் எந்த நிறம் என்று பிரம்மாவுக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்?

சொல்லி வாய் மூடவில்லை, என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. டவுனில் இருக்கிறாள். வாய்க்கு வாய் எனக்குச் சரிசமமாக நிற்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான். நிச்சயம் முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பால் விடாத பிளேன்டீயைக் குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்துக்கொண்டே, "அண்ணிக்கு இந்த வயசுல எதுக்குக் கஷ்டம்னு பாக்குறேன். பிளவுஸையெல்லாம் டவுன்ல ஒரு கடையில குடுத்துறலாமா?" என்றாள்.

'இந்த வயசுல' என்கிறாளே! அவளைவிட எனக்கு எத்தனை வயது கூட? எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அண்ணன் பெண்டாட்டி தையல்காரியாக இருக்கும்போது சொந்த நாத்தனாரே வெளியில் கொடுத்தால் அதற்குப் பிறகு என் வாசலுக்கு யார் வருவார்கள்? அந்த ஒரு கல்யாணம் கை நழுவினால் என் மெஷினுக்கு மூடி போட்டு, மேலே ஒரு பூச்சாடியை வைத்துவிடலாம். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்ல. வெளிச்சம்தான் இல்ல. சந்துக்குக் கூரை போட்டு, பகல் வெளிச்சத்துல தச்சுத் தாரேன். வந்து பாரு," என்றேன். சொல்லி முடித்தபிறகுதான் அப்படி ஒரு திட்டம் எனக்கே தெரிய வந்தது. என் வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார், மறுபடியும் பேப்பரை உயர்த்திக்கொண்டார்.

அவர் த்ரீவீல் ஓட்டுகிறவர். சாதாரணமாக அவசரமே படமாட்டார். அடுத்த நாள் காலையிலேயே என்னை அதில் ஏற்றிக்கொண்டு ஹாட்வெயார் கடைக்குப் போனார். அந்தக் கடை முதலாளி பரம்பரையாக மாத்தளையிலேயே வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பத்தவர். நாங்கள் அவரை அண்ணன் முறையில் நானா என்போம். யாராவது சீமெந்து வாங்க வந்தால்கூட வீடு எந்தத் திசை என்று கேட்டு, மழை எந்தப் பக்கம் அடிக்கும் என்று விசாரித்து, பிறகுதான் கொடுப்பார்.

"தங்கச்சி, ரெண்டு சாமான் ஈக்கி," என்று அவர் ஆரம்பித்தார். "இது பொலிகார்பனேட். கண்ணாடி மாதிரி வெளிச்சம் வரும், ஆனா ஒடயாது. குரங்கு பாய்ஞ்சாலும் ஒண்டும் ஆகா. இது பைபர். வெலயும் கொறவு, தகரத்துட வளைவுக்கு அப்பிடியே பொருந்தும். ஆனா வெயில்ல நாள் போகப் போக நெறம் மாறும், பாசி புடிக்கும். ஒங்களுக்குத் தைக்கத்தானே? பொலிகார்பனேட்ட எடுங்கோ."

"நீங்க சொன்னா நான் எடுத்துக்கணுமா நானா? துணிகிட்ட கேட்டுட்டு எடுக்குறேன்," என்றேன்.

ஒரு பை நிறைய நூல் கட்டைகளும் வெட்டுத் துணிகளும் கொண்டுபோயிருந்தேன். கடையின் பின்முற்றத்தில் ஒரு சீமெந்து மூட்டையின்மேல் உட்கார்ந்து துணிகளை மடியில் விரித்தேன். கடையில் வேலை செய்கிற இரண்டு பேரும் ஒவ்வொரு சீட்டாகக் கொண்டுவந்து என் தலைக்கு மேலே பிடிக்க வேண்டும், இதுதான் ஏற்பாடு. பாவம், ஆணி வாங்க வந்தவர்களும் குழாய் வாங்க வந்தவர்களும் வேலையை மறந்து சுற்றி நின்றுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாத ஆள் மாதிரி தூரத்தில் போய்ப் பெயின்ட் டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

பச்சைச் சீட்டைப் பிடித்தார்கள். எல்லார் முகமும் வாழையிலை நிறமாகிவிட்டது. நீலத்தைப் பிடித்தார்கள், குளத்துக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. தேயிலைச் சாயம் மாதிரி ஒன்று, அதைப் பார்த்ததுமே போ என்றேன். பிறகு நிறமே இல்லாத பொலிகார்பனேட் வந்தது. அம்மாடி! வெயில் அப்படியே ஊசி ஊசியாக இறங்கியது. கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

"என்ன நானா இது? கண்ணக் குத்துது! இதுக்குக் கீழ உக்காந்தா தையலா வரும்? தலைவலிதான் வரும்."

"எனக்குக் குத்தல்லியே தங்கச்சி," என்று அவரும் நிமிர்ந்து பார்த்தார். "சரி, பால் வெள்ளைலயும் பொலிகார்பனேட் ஈக்கி. அது குத்தாது."

பால் வெள்ளை வந்தது. நான் தலையைச் சாய்த்து, துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இது நீலம் அடிக்குது," என்றேன்.

"நீலமா? இது பால் தங்கச்சி, பால்!"

"எனக்கா நிறம் சொல்லித் தாறீங்க? இவ்வளவு வருஷமா நான் துணியிலதான் குடும்பம் நடத்துறேன்."

அப்போதுதான் முற்றத்து மதிலில் சாய்த்து வைத்திருந்த பைபர் சீட்டுகள் என் கண்ணில் பட்டன. ஒன்றைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். வெளிச்சம் மெத்தென்று இறங்கியது. குத்தல் இல்லை, கூச்சம் இல்லை. மடியில் இருந்த வெள்ளைத் துணி வெள்ளையாக இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதான் வெள்ளை! சுத்த வெள்ளை! இத ஒளிச்சு வச்சிட்டு வேற என்னென்னமோ காட்டுறீங்களே!" என்று கத்தினேன்.

சீட்டைப் பிடித்திருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நானா வாயைத் திறந்தார். "தங்கச்சி, அது கன நாளா வெயில்ல நிண்ட சாமான்..."

"அதையே குடுங்க நானா," என்று பெயின்ட் டப்பாவுக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது.

கல்யாணம் கட்டியதிலிருந்து நான் சொன்ன ஒன்றை அவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான். என் பெருமையை என்ன சொல்ல! திரும்பி வரும் வழியெல்லாம் நான்தான் பேசினேன்.

கூரை போட ஒரு சிங்களத் தச்சர் வந்தார், பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல வேலைக்காரர். சீட்டின் வளைவில் மேடான இடத்தில்தான் ஆணியைத் திருக வேண்டும், பள்ளத்தில் திருகினால் மழைத் தண்ணீர் அதன் வழியே இறங்கும் என்று சொல்லிச் சொல்லித் திருகினார். பைபரை அறுக்கும்போது பறந்த தூள் பட்டு என் வீட்டுக்காரர் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு தேங்காயெண்ணெய் தேடினார். ஏணியில் ஏறுவதற்கு முன்னால் பாஸ் சீட்டைக் காட்டி அவரிடம் ஏதோ மெதுவாகக் கேட்டதை நான் சமைத்துக்கொண்டே குசினி ஜன்னலால் பார்த்தேன். இவர் அவருடைய கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிப்போனார். அளவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயந்தரத்துக்குள் வேலை முடிந்தது. சைக்கிளைத் துரத்திவிட்டு மெஷினைக் கொண்டுபோய்ச் சந்தில் வைத்தேன். அடுத்த நாள் குரங்குக் கூட்டம் வந்து மேலே ஓடிப் பார்த்து, வழுக்கி, கோபித்துக்கொண்டு போனது. அக்கம் பக்கத்துப் பெண்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். "எப்படி வெளிச்சம்?" என்று கேட்டேன். "நல்லா இருக்கு, நல்லா இருக்கு," என்றார்கள். ஒருத்திகூட வேறு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் பொறாமையில் வாயடைத்துப்போனதாகவே நான் நினைத்தேன்.

நாத்தனாரும் வந்தாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டு, துணிப் பையை என் மடியில் வைத்தாள். எல்லாருக்கும் கருநீலச் சாரி. "என்னோடத முதல்ல தச்சுக் குடுங்க அண்ணி. போட்டுப் பாத்துட்டு மத்தது," என்றாள். பரீட்சை வைக்கிறாளாம்! வைக்கட்டும் என்று நான் அன்றைக்கே வெட்டினேன். கழுத்துக்குப் பைப்பிங், கைக்கு மடிப்பு, முதுகில் ஒரு முடிச்சு. இப்படி ஒரு பிளவுஸை நான் அதற்கு முன்னால் தைத்ததில்லை.

போட்டுப் பார்க்க வந்தவள் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். அளவு கச்சிதம். கையைத் தூக்கினாள், இறக்கினாள். பிறகு, எல்லாரையும் போல, கை ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். மற்றக் கையையும் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அண்ணி."

என் நாத்தனார் ஒன்றுமில்லை என்று சொல்லுகிற பிறவி கிடையாது. "வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலையேன்!"

"நூல் கறுப்பு அண்ணி."

எனக்கு வந்ததே கோபம்! குறை கண்டுபிடிக்கவென்றே வந்தாயா, டவுன் கடைக்காரனுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டாயா, உன் கண்ணில்தான் கோளாறு என்று கண்டபடி கொட்டினேன். அவள் மெஷின் லாச்சியை இழுத்து இரண்டு நூல் கட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள். "இதுல நீலம் எது அண்ணி?" என்று கேட்டாள்.

பார்த்தேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். கிட்டே, தூர, சாய்த்து, மூக்கோடு ஒட்டி. இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஒன்றைத் தொட்டேன். அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் நின்றதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பல்பும் இல்லை, சந்தும் இல்லை, கூரையும் இல்லை. என் கண்தான்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "எல்லாத்தையும் டவுன்லயே குடுத்துரும்மா. என்னால இனி முடியாது," என்றேன்.

"கொஞ்சம் வாய மூடுறீங்களா?" என்றாள் அவள். அப்பாடா, பழைய குரல் வந்துவிட்டது. "நாளைக்குக் காலையில கண் கிளினிக்குக்குப் போறோம். நானும் வாறேன். அங்க டாக்டர்கிட்டயும் சண்டை போடாதீங்க."

கிளினிக் வரிசையில் அவள் எனக்காக இடம் பிடித்து, முந்தப் பார்த்த ஒரு ஐயாவோடு சிங்களத்திலும் தமிழிலும் மல்லுக்கட்டி, உள்ளே கூட்டிப்போனாள். டாக்டரம்மா என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. உள்ளேயிருக்கிற வில்லை பழுத்துப் பழுப்பாகிவிட்டதாம். அதனால் நீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும், பளிச்சென்ற வெளிச்சம் கண்ணைக் குத்தும் என்றார். "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். தையல் என்றேன். அவர் கையிலிருந்த டோர்ச்சை அணைத்துவிட்டு, "இந்தக் கண்ண வச்சிட்டா?" என்றார். ஒப்பரேஷன் செய்யலாம், முதலில் ஒரு கண், பிறகு மற்றது. திரும்பவும் தைக்க முடியுமா என்று கேட்டேன். செய்து பார்த்துத்தான் சொல்லலாம் என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒப்பரேஷனுக்குப் பயமில்லை, அந்தப் பதிலுக்குத்தான் பயமாக இருந்தது.

நாத்தனார் துணிப் பையை என் வீட்டிலிருந்து எடுத்துப் போகவேயில்லை. நான் எடுத்துப் போகச் சொன்னேன். "இருக்கட்டும், எங்க வீட்ல எடமில்ல," என்றாள். அவள் வீடு எங்கள் வீட்டைப்போல ரெண்டு மடங்கு.

ஒரு கண்ணுக்கு ஒப்பரேஷன் முடிந்தது. மறுநாள் கட்டை அவிழ்த்து, மருந்து விட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் நேரே சந்துக்குத்தான் போனேன். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, அண்ணாந்து பார்த்தேன்.

கூரை மஞ்சளாக இருந்தது.

லேசான மஞ்சள் என்று நினைத்துவிடாதீர்கள். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ மஞ்சள். ஒப்பரேஷன் செய்த கண்ணை மூடிப் பழைய கண்ணால் பார்த்தேன், சுத்த வெள்ளை. பழையதை மூடிப் புதியதால் பார்த்தேன், பிளேன்டீ. மாற்றி மாற்றி மூடி மூடிப் பார்த்தேன். பிறகு ஒரு சத்தம் போட்டேன். தெருவில் போன பஸ்ஸே நின்றிருக்கும்.

"என்னங்க! இங்க வாங்க! இது என்ன நெறம்?"

ஓடி வந்தவர் கூரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "வெள்ளைதான்," என்றார்.

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

"நீதான வெள்ளைன்னு சொன்ன?"

"நான் சொன்னா? உங்களுக்குக் கண்ணில்லையா? இது மஞ்சள்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"நானாவுக்கு?"

"அவருதான் சொல்ல வந்தாரே, நீ விட்டியா?"

"பாஸுக்கு?"

"ஏணியில ஏற முன்னாடியே கேட்டாரு, மாத்தி வாங்கிட்டீங்களான்னு."

"அக்கம் பக்கத்துல?"

"எல்லாருக்கும் தெரியும் புள்ள. குரங்குக்கே தெரியும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணை அழுத்தக் கூடாது, குனியக் கூடாது என்று சொல்லியனுப்பியிருந்தார்கள், சிரிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் வாய்க்குப் பயந்து ஒரு ஊரே மஞ்சளை வெள்ளை என்று சொல்லியிருக்கிறது!

அந்த வாரமே கறுப்புக் கண்ணாடியோடு நானாவின் கடைக்குப் போய் நின்றேன். "அந்தப் பால் வெள்ளைய இன்னொரு தரம் தூக்கிப் பிடிங்க," என்றேன். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். பால். கறந்த பால்.

நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தங்கச்சி, அண்டைக்கு அது மஞ்சள்ண்டு நா செல்லத்தான் பாத்த. ஒங்கட மாப்புள குறுக்க வந்திட்டார். அல்லாட காவல், கண்ணு திரும்பக் கெடச்சிச்சே, அது போதும். அந்தப் பைபர்களக் கொண்டு வாங்கோ. என்ட ஊட்டுக் கோழிக்கூட்டுக்குப் போட்டுக்கொள்றேன். கோழிக்கு வெள்ளையும் மஞ்சளும் ஒண்டுதான்."

அதே பாஸ் வந்து சீட்டை மாற்றினார். பொலிகார்பனேட்டில் ஒரு பக்கம்தான் வெயிலைத் தாங்கும், அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் என்று மேலே ஒட்டிய மெல்லிய தாளில் அச்சடித்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் மாற்றிப் பிடித்துக்கொண்டு இதுதான் மேல் என்று வாதாடினார். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டு, அந்தப் பொடி எழுத்தை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினேன். பாஸ் கைதட்டினார். ஒரு சிறுபிள்ளை மாதிரி எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பொலிகார்பனேட்டிலும் குறை இல்லாமலில்லை. ரிவர்ஸ்டன் பக்கமிருந்து பின்னேர மழை இறங்கினால் கூரையில் மேளக் கச்சேரிதான். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அதையும் ஒரு வசதி என்கிறார் என் வீட்டுக்காரர்.

மற்றக் கண்ணைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கலாம், இப்போது மெஷினில் உட்காரலாம் என்று டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து நான் எழும்பவில்லை. நாத்தனாரின் பிளவுஸைப் பிரித்து மறுபடி தைத்தேன். மற்றதையும் தைத்தேன். கருநீலத்துக்குக் கருநீலம். அவள் வந்து ஒவ்வொன்றாக எடுத்து, கை ஓரம், கழுத்து, முதுகு என்று ஒரு தையல் விடாமல் திருப்பிப் பார்த்தாள். ஒரு குறையும் கிடைக்கவில்லை. அவள் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தைப் பார்க்க வேண்டுமே! "பரவாயில்ல அண்ணி," என்றாள். அவள் வாயால் அது பெரிய விருது. கல்யாண மண்டபத்தில் பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நான் முன் வரிசையில் உட்கார்ந்து, தாலி கட்டுவதை நிம்மதியாகப் பார்த்தேன்.

கல்யாணக் களைப்பெல்லாம் தீர்ந்தபிறகு ஒரு நாள் மெஷின் துடைக்கப் பழந்துணி தேடி அலுமாரியின் அடித்தட்டைக் கிளறினேன். பழைய போர்வைக்கு அடியில் என் வீட்டுக்காரரின் கருநீலச் சட்டை ஒன்று சுருட்டி ஒளித்து வைத்திருந்தது. இரண்டு கண்ணிலும் புரை இருந்த காலத்தில் நான் அவருக்குத் தைத்துக் கொடுத்தது. விடாமல் அதைத்தான் போடுவார். ஒப்பரேஷனுக்குப் பிறகு காணவில்லை, கேட்டதற்குக் கிழிந்துவிட்டது என்றிருந்தார். எங்கே கிழிந்தது என்று பார்க்கச் சந்துக்குக் கொண்டுவந்து விரித்தேன்.

சட்டை கிழியவில்லை. பை முழுக்கப் பச்சை நூலில் தைத்திருந்தது. காலர் கறுப்பில். ஒரு கை ஓரம் பழுப்பு, மற்றக் கை ஓரம் கத்தரிப்பூ. பொத்தான் துவாரம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். இதைப் போட்டுக்கொண்டுதான் அவர் த்ரீவீல் ஸ்டாண்டுக்குப் போனார், கோயிலுக்குப் போனார், தங்கை மகள் நிச்சயத்துக்கும் போய் நடுவில் நின்றார்.

தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தவர் என்னையும் சட்டையையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"இதப் போட்டுக்கிட்டா ஊரெல்லாம் சுத்துனீங்க?" என்றேன்.

"நல்லாத்தான இருக்கு?"

"யாரும் கேக்கலையா?"

"கேட்டாங்க. இதான் இப்ப பேஷன்னு சொன்னேன். ஸ்டாண்டுல ஒருத்தன் அவனுக்கும் ஒண்ணு வேணும்னு கேட்டான். நீ ரொம்ப பிசின்னு சொல்லிட்டேன்."

சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது நின்றுவிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவர் கோப்பையை மெஷின் மேசையில் வைத்தார். "சொன்னா நீ மெஷின மூடி வச்சிட்டு மூலையில உக்காந்துருவ," என்றார். "அப்புறம் இந்த வீட்ல யாரு சத்தம் போடுறது?"

நான் அழுதேன். மறைக்கவில்லை, நன்றாக வாய்விட்டே அழுதேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் தேத்தண்ணி ஆறுது, தேத்தண்ணி ஆறுது என்று சொல்லிக்கொண்டு நின்றார். சட்டை அப்படியே இருக்கட்டும் என்று இழுத்தார், நான் விடவில்லை. எல்லாத் தையலையும் பிரித்தேன். லாச்சியைத் திறந்து, கருநீல நூலை யாரிடமும் கேட்காமல் நானே எடுத்துக் கோத்தேன்.